பிடித்த பீர், பிடிக்காத பீர்

கே: இதுவரை அருந்தியதில் உங்களுக்கு மிகவும் பிடித்த பீர் எது?

ப: பில்ஸ்னர் உர்க்வெல். பீர் என்றாலே பெரும்பாலும் கருமையாகவும் கலங்கலாகவும் இருந்த காலத்தில், 1842ஆம் ஆண்டு செக் நாட்டுப் பில்சென் நகரில் யோசெப் குரோல் என்ற ஜெர்மனியின் பவேரியப் பகுதிக்காரர், வெளிர்நிற மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) அவ்வூரின் உப்புக் குறைந்த நீரையும் கசப்பும் மணமும் தரும் சாட்ஸ் வகை ஹாப்ஸ் பூக்களையும் சேர்த்துத் தயாரித்த பொன்னிறப் பீர் இது. கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நுரை எழுந்து, குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாகப் படிந்து இறங்கும். முதலில் ரொட்டியின் மெல்லிய இனிப்பு நாவில் படுகிறது. அது மறைவதற்குள் கசப்பு வந்து அதைத் துடைத்துவிடுகிறது. அடுத்த மிடறைக் கேட்க வைப்பது அந்தக் கசப்புதான்.

கே: எனக்கோ அந்தக் கசப்புதான் ஆகவில்லை. நான் எதைக் குடிப்பது?

ப: பவேரியக் கோதுமைப் பீரைக் குடித்துப் பாருங்கள். அதில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் அதில் போடுவதில்லை, எல்லாம் பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டின் கைவண்ணம்.

கே: அறவே பிடிக்காத பீர் எது?

ப: நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் வெயில் பட்டுக் கெட்டுப்போன எந்தப் பீரும். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் சிதைந்து, கந்தகம் கலந்த வேறொரு சேர்மமாக மாறிவிடுகின்றன. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நீரின் முடைநாற்றத்தைப் போன்றது அதன் வாடை, லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புப் புட்டி இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது, பச்சைப் புட்டி அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஒருமுறை ஜன்னலோரம் வைத்து மறந்த புட்டியைக் குளிரவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பித் திறந்தேன். மூடியை நெம்பியதுமே வாடை வந்துவிட்டது, முக்கால் புட்டி கழுநீர்த் தொட்டிக்குப் போயிற்று. தயாரித்தவரின் திறமையில் குறையில்லை, குறை புட்டியிலும் என்னிடமும்தான். வகை என்று பார்த்தால், ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்தின் புகைப் பீரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பீச் (beech) என்ற காட்டு மரத்தின் புகையில் உலர்த்திய மால்ட்டில் செய்யும் அதை உயிராக நேசிப்பவர்கள் உண்டு என்றாலும், அடுப்பங்கரைப் புகையைக் கோப்பையில் ஏந்தியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கே: கறுப்புப் பீரில்தான் போதை அதிகம் என்கிறார்களே?

ப: நிறத்துக்கும் போதைக்கும் தொடர்பில்லை. அயர்லாந்தின் கறுப்புப் பீரான டிராஃப்ட் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். அதன் கருமை வறுத்த பார்லியால் வருவது. குடிக்கும்போது கனமாகத் தோன்றுவதோ, நைட்ரஜன் வாயு உண்டாக்கும் பொடி நுரையின் மாயம். வெளிறிய பொன்னிறத்தில் சாதுவாக நிற்கும் பெல்ஜியத்து டூவெல் பீரில் 8.5 சதவீதம் இருக்கிறது. நான் எச்சரிக்கையாக இருப்பது அதனிடம்தான்.