பிரேக் சூடாகிறது, காற்றுக் குழாய் போடலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் போலோ ஜிடி டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்) கார் இருக்கிறது. வருடத்தில் மூன்று நான்கு முறை கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறேன். ஐந்தாறு சுற்று முடிவதற்குள் பெடல் மெத்தென்று ஆகி, கீழே கீழே போகிறது. வீட்டாரோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் கருகல் வாடை வருகிறது. ஃபாக் லாம்ப் இருக்கும் இடத்திலிருந்து 3 அங்குலக் குழாய் இழுத்து, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்குக்குக் காற்று விடலாம் என்று நினைக்கிறேன். கையில் இருப்பது 10,000 ரூபாய். பெரிய பிரேக் செட் வாங்க வழியில்லை. சரியாக வருமா?"

டிராக்கில் பலன் தரும். கோத்தகிரி இறக்கத்தில் அநேகமாக ஒன்றும் தராது. இரண்டு இடத்திலும் பிரேக் சூடாகிறது என்றாலும், இரண்டும் ஒரே நோய் இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டிராக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால், ஏறத்தாழ 500 கிலோஜூல் ஆற்றல் சில நொடிகளில் வெப்பமாகிறது. அதில் பத்தில் ஏழு பங்கு முன்சக்கரங்களுக்குப் போகும். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பிரேக்கில் டிஸ்க்கின் சூடு 60 டிகிரிக்கு மேல் ஏறும். ஒரு சுற்றில் இப்படி நான்கு முறை பிடித்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நடுவில் உள்ள நேர்ப்பாதையில் ஆறுவதை விட ஏறுவது அதிகம்.

இனி மலை இறக்கம். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,450 மீட்டர். நான்கு பேர், சாமான் எல்லாம் சேர்த்து 1,400 கிலோ எடை அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கப் போதும். டயர் உராய்விலும் காற்றிலும் கரைவது போக, மிச்சத்தை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக ஓர் இடம் கிடையாது.

குழாய்க்குள் காற்றைத் தள்ளுவது காரின் வேகம்தான். அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 120-ல் கிடைப்பதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் 35-ல் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் 15, 20 வேகத்தில் திரும்பும்போது குழாய் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். மலை மேலே காற்றின் அடர்த்தியும் சமவெளியை விடக் குறைவு. இறக்கத்துக்கு மருந்து கியர். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது முழு உண்மை. டிஎஸ்ஜியை 'டி'-யில் விட்டு இறக்காதீர்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்க அது மேல் கியருக்குத் தாவப் பார்க்கும். மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது கியரில் பிடித்து வையுங்கள். இன்ஜின் கத்துவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்ற எண்ணம் ஊரில் இன்னும் இருக்கிறது; அது தவறு, ஆபத்தும்கூட. குன்னூர் மலை ரயிலைக் கவனித்திருப்பீர்கள். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். அந்தத் தாங்கும் வேலையை உங்கள் இன்ஜினுக்கும் கொடுங்கள்.

பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். லேசாக மிதித்தபடியே ஒரு கிலோமீட்டர் வருவதை விட, அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிடுவது நல்லது. காலை எடுத்த நேரத்தில்தான் டிஸ்க் மூச்சு விடும்.

அடுத்தது நீங்கள் எழுதிய அறிகுறி. பெடல் கல் மாதிரி இறுகியிருந்தும் வண்டி நிற்காவிட்டால், டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பெடல் மெத்தென்று கீழே போனால் பிரேக் ஆயில் கொதிக்கிறது. ஆயிலில் நீராவிக் குமிழி வந்தால் நீங்கள் மிதிப்பது குமிழியை நசுக்குவதோடு முடிந்துவிடும், பேட்டை டிஸ்க்கோடு நெருக்கும் காலிப்பருக்கு அழுத்தம் போகாது. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. எனவே 10,000 ரூபாயில் முதல் செலவு குழாய் இல்லை, ஆயில்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதிக்கப்பட்ட அளவு 155 டிகிரிதான். டாட் 5.1 என்றால் 260, 180. பாதி வருடம் மூடுபனியிலும் மழையிலும் நிற்கும் நம் ஊர் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது அதிகம் இல்லை. டிராக்குக்குப் போவதற்கு முன் கட்டாயம். டாட் 4 அல்லது 5.1 போடலாம். வெறும் டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கோன் வகை, அதை ஊற்றவே கூடாது. சீல் உடைக்காத சிறிய பாட்டிலாக வாங்குங்கள். மெக்கானிக் ஷெல்ஃபில் பாதி மீந்து திறந்து கிடக்கும் டின் வேண்டாம். நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து (பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி), பழைய ஆயில் முழுதாக வெளியேறும் வரை விடச் சொல்லுங்கள்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. குன்னூரிலிருந்து இறங்கி பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினேன். நிறுத்தும் வரை பிரேக் நன்றாகவே இருந்தது. இருபது நிமிடம் கழித்து எடுத்தபோது முதல் மிதியிலேயே பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஓடும்போது காற்று ஆற்றிக்கொண்டிருந்த டிஸ்க், நின்றதும் தன் சூட்டையெல்லாம் காலிப்பருக்கும் ஆயிலுக்கும் கொடுத்துவிட்டது. மூன்று வருடம் மாற்றாத ஆயில் அது. அன்று முதல், சூடான வண்டியைச் சட்டென்று நிறுத்துவதில்லை. நிறுத்தினால், கிளம்புமுன் வண்டி நகராத இடத்தில் இரண்டு மூன்று முறை பெடலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

ஆயிலுக்குப் பிறகு, சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். காலிப்பர் நகர்வதற்கான ஊசி (ஸ்லைடு பின்) துருப்பிடித்து இறுகியிருந்தால் காலை எடுத்தும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். ஈரமான ஊர்களில் இது சாதாரணம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஓட்டி வந்ததும் இடது, வலது டிஸ்க்கை ஒப்பிடுங்கள். பளபளக்கும் இரும்பில் அது உண்மைச் சூட்டை விடக் குறைவாகக் காட்டும். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட அதுவே போதும். ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால் குறை காற்றில் இல்லை, காலிப்பரில். பின்சக்கர டிரம் பிரேக்கையும் கழற்றி அட்ஜஸ்ட்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் வேலை செய்யாவிட்டால் அந்தச் சுமையும் முன் டிஸ்க்குக்குத்தான் வரும். டிஸ்க்கின் தடிமனையும் அளக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். தேய்ந்த டிஸ்க்கில் இரும்பு குறைவு, அதனால் அதே பிரேக்குக்கு அது அதிகம் சூடாகும். மாற்றுவதாக இருந்தால் ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் டிராக் சூட்டில் ஓட்டையிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

பேட் விஷயத்தில் பந்தய பேட்டுக்கு ஆசைப்படாதீர்கள். அது சூடானால்தான் பிடிக்கும். மார்கழி விடியலில் கோத்தகிரியில் வண்டியை எடுத்து முதல் வளைவில் மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகும். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான நடுத்தர வகை போதும்.

இவ்வளவும் செய்து இரண்டு முறை டிராக்கில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சூடு தாங்கவில்லை என்றால் குழாய் போடலாம். காற்று டிஸ்க்கின் முகத்தில் அடிக்கக் கூடாது, நடுவில் போக வேண்டும். உங்கள் முன் டிஸ்க் இரண்டு தகட்டுக்கு நடுவே காற்றுப் பாதை உள்ள வகை. சுழலும்போது அதுவே நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே வீசும் ஒரு விசிறி. அந்த விசிறிக்குத் தீனி போடுவதுதான் குழாயின் வேலை. முகத்தில் மட்டும் அடித்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் கொதித்து டிஸ்க் கோணும்.

குழாய் போடும்போது பலர் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நம் சாலையில் அது சேற்றையும் ஜல்லியையும் தடுக்கிறது. சூட்டிலிருந்து, சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டின் (பால் ஜாயின்ட்) ரப்பரையும் காக்கிறது. கழற்றாமல், டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு நேராக அதில் ஒரு வாய் வெட்டி, குழாய்க் கழுத்தை ரிவெட் அடித்துப் பொருத்துங்கள். டிஸ்க் பக்கம் வரும் கடைசி நீளத்துக்குச் சூடு தாங்கும் சிலிக்கோன் குழாய் வேண்டும். பம்பர் பக்கம் சாதாரணக் கம்பிச் சுருள் குழாய் போதும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் வயர் இரண்டிலும் உரசக் கூடாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, சக்கரத்தைத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். டிராக்கில் அவ்வளவு திருப்பவே மாட்டீர்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் திருப்புவீர்கள். டயர் குழாயைக் கடித்துக் கிழிப்பது அங்கேதான்.

குழாயே வேண்டாம் என்றால் இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மில் கிளாம்ப் போட்டு ஒரு சிறு அலுமினியத் தகடு பொருத்தி, காருக்கு அடியில் ஓடும் காற்றை டிஸ்க் பக்கம் திருப்பிவிடலாம். சில போர்ஷே கார்களில் தொழிற்சாலையிலேயே இப்படி வருகிறது. ஆர்மில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. நான் முதலில் செய்து பார்க்கச் சொல்வது இதைத்தான்.

குழாயோ தகடோ, பலன் தெரிய வேண்டுமென்றால் டிஸ்க் விளிம்பில் சூடு காட்டும் பெயின்ட் தடவுங்கள். பச்சை 430 டிகிரியிலும் ஆரஞ்சு 560-லும் சிவப்பு 610-லும் நிறம் மாறும். முன்பு எந்த நிறம் வரை மாறியது, பிறகு எதுவரை என்று குறித்து வையுங்கள். டிராக்கில் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், இரும்பு கோணிவிடும்.