ரோமப் படைக் கொல்லர்களின் முக்கிய வேலை வாள் அடிப்பதுதானா?

வாளும் ஈட்டிமுனையும் அடித்தார்கள்தான். ஆனால் கேட், கிரில் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்களுடைய உழைப்பின் அளவு புரிய வேண்டுமென்றால் ஆணியைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இஞ்ச்டுதில் என்ற இடத்தில் ரோமர்கள் கி.பி. 83 வாக்கில் ஒரு பெரிய படைக்கோட்டை கட்டினார்கள். வேலை முடிவதற்குள்ளேயே, சில வருடங்களில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. போகும்போது பட்டறைக்குள் 12 அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, இருந்த ஆணிகளை எல்லாம் கொட்டிப் புதைத்து, மேலே மண்ணைக் கெட்டித்துவிட்டுப் போனார்கள். 1960 வாக்கில் அதைத் தோண்டி எடுத்தபோது 8 லட்சத்து 75 ஆயிரம் ஆணிகள் இருந்தன! எடை 7 டன்னுக்கும் மேல். கூடவே வண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டைகள் ஒன்பது.

ஏன் புதைத்தார்கள்? விட்டுவிட்டுப் போனால் அங்கிருந்த கலிடோனிய மக்கள் அதைக் காய்ச்சி அடித்து ஆயுதமாக்கிக்கொள்வார்கள் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இப்போது மெஷின் கம்பியை இழுத்து வெட்டித் தள்ளுகிறது. அன்று ஒவ்வொரு ஆணியும் கையால் அடித்தது. கம்பியை மரக்கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, நாலு பக்கமும் தட்டிக் கூர்மையாக்கி, அளவு பார்த்து நறுக்கி, துளை போட்ட இரும்புப் பட்டைக்குள் நிறுத்தி மேலே ஓங்கித் தட்டினால் தலை விரியும். இரும்பு ஆறுவதற்குள் இதெல்லாம் முடிய வேண்டும். சதுரத் தண்டு என்பதால் மரத்தை நன்றாகக் கவ்வும். 5 செ.மீ. ஆணியும் உண்டு, பெரிய உத்தரத்துக்கு 25 செ.மீ.க்கு மேல் நீளமானதும் உண்டு.

இந்த வேலைக்கு மரியாதையும் இருந்தது. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் டாருன்டேனஸ் பட்டர்னஸ் எழுதிவைத்த பட்டியலில், கடினமான பொதுப் பணிகளிலிருந்து விலக்குப் பெற்ற சிப்பாய்களில் கொல்லர்களும் வருகிறார்கள். கரி சுடுபவர்கள்கூட வருகிறார்கள். கரி இல்லாமல் உலை ஏது?

அப்புறம் ஒன்று. குவியலின் வெளிப்பக்க ஆணிகள் துருப்பிடித்து இறுகி ஓடு மாதிரி ஆகிவிட்டதால், உள்ளே இருந்தவை கிட்டத்தட்ட புதிதாகவே கிடைத்தன. அணுக்கழிவை அடைக்கும் இரும்புப் பெட்டி மண்ணுக்குள் எத்தனை காலம் தாங்கும் என்று கணிக்க, ஆராய்ச்சியாளர்கள் இந்த ஆணிகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.