மடிப்பாக்கம் – தரமணி: பன்னிரண்டு மாதமும் சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 38. மடிப்பாக்கத்தில் வீடு, தரமணியில் அலுவலகம். போக எட்டு கிலோமீட்டர். அலுவலக வேன் ஜூனிலிருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சைக்கிளில் போகலாம் என்று நினைக்கிறேன். கல்லூரிக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. "மே மாசம் மயங்கி விழுவே, நவம்பர்ல தண்ணியில மாட்டிப்பே" என்கிறார் அம்மா. வெயில் மாதங்களிலும் மழை மாதங்களிலும் நிறுத்திவிட்டு, மற்ற மாதங்களில் மட்டும் ஓட்டுவதுதான் சரியா? என்ன சைக்கிள் வாங்குவது? வியர்வையோடு அலுவலகத்தில் எப்படி உட்காருவது?

பதில்: பன்னிரண்டு மாதமும் ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு மாதத்திலும் ஓட்டக் கூடாத சில நாட்கள் உண்டு. சென்னையில் மாதத்தைப் பார்த்து சைக்கிளை நிறுத்தினால், கணக்குப்படி ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில், ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை. மிஞ்சுவது பொங்கலை ஒட்டிய மூன்று மாதம்தான். மாதத்தை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதை ஆண்டுக்கு மூன்று முறை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது.

முதலில் வெயில். அக்னி நட்சத்திரம் ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. அது முடிந்ததும் வெயில் தணியும் என்று நம்பி ஜூனில் தொடங்குகிறவர்கள் பலர். சென்னையில் அப்படி நடப்பது குறைவு. மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்து, கடற்காற்றை உள்ளே விடாமல் தள்ளிப்போடுகிறது. கடற்காற்று தாமதமாகும் நாளில்தான் வெப்பம் உச்சத்துக்குப் போகும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003-ல், கத்திரி முடிந்த பிறகு, மே மாதக் கடைசியில். ஆக, உங்களுக்கு வாய்த்திருக்கும் ஜூன் தொடங்குவதற்குக் கடினமான மாதம். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். மூன்று வாரம் முன்னதாகவே, காலை ஆறு மணி வாக்கில் வீட்டைச் சுற்றி ஓட்டத் தொடங்குங்கள். முதலில் இருபது நிமிடம், பிறகு நாற்பது. உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பழகிய உடலில் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் போகும் உப்பு குறையும், இதயம் அவ்வளவு வேகமாக அடிக்காது. மே மாதம் மயங்கி விழுகிறவர்களில் பலர் உடலைப் பழக்காமல் திடீரென்று வெயிலில் இறங்கியவர்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை காலை ஆறே முக்காலுக்குள் கிளம்பிவிட வேண்டும். அந்தப் பருவத்தில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறது. எட்டரை மணி வெயிலில் தார்ச்சாலையும் சேர்ந்து சுடும். மாலையில் ஆறு மணிக்குப் பிறகு. தலைசுற்றல், குமட்டல், வியர்வை திடீரென்று நிற்பது, இவற்றில் எது வந்தாலும் நிழலில் இறங்கி உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு மிதி கூட வேண்டாம்.

உங்கள் வழித்தடத்துக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. போவது கிழக்கு, திரும்புவது மேற்கு. கோடையில் காலையில் மேற்குக் காற்று முதுகில் தள்ளும். மாலையில் கடற்காற்று மறுபடி முதுகில் தள்ளும். இந்த யோகம் எல்லோருக்கும் வாய்க்காது. வடகிழக்குப் பருவத்தில் மட்டும் காலையில் எதிர்காற்று, ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டது சூரியன். காலையிலும் மாலையிலும் அது உங்கள் கண்ணுக்கு நேரே நிற்கும். உங்கள் கண் கூசுவதைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்; பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கும் அதே கூச்சம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், அப்போது முன்விளக்கும் கட்டாயம்.

வியர்வைக்கு வருவோம். ஓட்டும்போது எதிரே வரும் காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே இருக்கும். இறங்கி நின்ற மறுநிமிடம்தான் கொட்டும். அதனால் குளித்துவிட்டுக் கிளம்புங்கள், பழைய வியர்வை இல்லாவிட்டால் வாடையும் குறைவு. கடைசி ஒரு கிலோமீட்டரை மிக மெதுவாக ஓட்டுங்கள். அலுவலகத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், போனவுடன் உடை மாற்றாமல் பதினைந்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். வியர்வை நின்ற பிறகு ஈரத்துண்டால் துடைத்து, அப்புறம் மாற்றுங்கள். அவசரப்பட்டு மாற்றினால் புது உடையும் நனையும். ஓட்டும்போது சீக்கிரம் உலரும் மெல்லிய பாலியெஸ்டர் டி-ஷர்ட் நல்லது. பருத்தி இதமானதுதான், ஆனால் நனைந்தால் காயாது. பையை முதுகில் மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள்; இந்த ஒன்றே பாதி வியர்வையைக் குறைக்கும். துப்பட்டா வேண்டவே வேண்டாம். சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து.

சைக்கிளைப் பொறுத்தவரை, கடைக்காரர் கியர் எண்ணிக்கையைப் பற்றி நிறையப் பேசுவார். மடிப்பாக்கத்திலிருந்து தரமணி வரை மேடே இல்லை. ஒரே கியர் போதும், ஏழு கியர் இருந்தால் வசதி, இருபத்தொன்று வீண். நீங்கள் பார்க்க வேண்டியது பிரேக்கையும் ரிம்மையும். பளபளவென்று முலாம் பூசிய இரும்பு ரிம், மழையில் நனைந்தால் ரப்பர் பிரேக் கட்டைக்குப் பிடி கொடுக்காது. பிடித்துக்கொண்டே இருப்பீர்கள், சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும். பழைய சைக்கிளே வாங்கினாலும் அலுமினிய ரிம் இருப்பதாகப் பாருங்கள். கையிருப்பு அனுமதித்தால் டிஸ்க் பிரேக். இரண்டு சக்கரத்துக்கும் முழு நீள மட்கார்டு, செயினுக்குக் கவர், பின்னால் கேரியர், ஸ்டாண்டு. ஷாக் அப்சார்பர் தேவையில்லை, எடைதான் கூடும். டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் நம் சாலைக்குப் போதும். டயரின் பக்கவாட்டில் எத்தனை காற்று என்று அச்சிட்டிருப்பார்கள், அதற்குள் வையுங்கள்.

மழையிலும் கடிகாரம்தான். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் பகலெல்லாம் வெயிலடித்து மாலையிலோ இரவிலோ இடியோடு பெய்யும். பருவமழையில் பெரும்பாலும் நேர்மாறு: வங்கக்கடலிலிருந்து மேகக்கூட்டம் நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும் கரையேறும். ஆகவே ஆகஸ்டில் மாலை கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள், நவம்பரில் காலை கிளம்பும் நேரத்தை. வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படத்தை இலவசமாகப் பார்க்கலாம். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை. இடி கேட்கிறதா, கட்டடத்துக்குள்ளேயே இருங்கள்.

நனைவதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நம் ஊர் மழை குளிராது. வீடு திரும்பும்போது நனைந்தால் என்ன, துணியை மாற்றிக்கொள்ளலாம். ரெயின்கோட்டுக்குள் வெந்துபோவது அதைவிட மோசம். போனையும் மாற்று உடையையும் மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டுங்கள். மழை தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நிமிடம் சாலையில் எண்ணெயும் தூசியும் மிதந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடு ஆகியவற்றின் மேல் போகும்போது வளைக்கவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது. நேராக உருட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

தேங்கிய தண்ணீர் வேறு விஷயம். இதில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன். சாலையின் தரை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அதில் சைக்கிள் இறங்கக் கூடாது. கீழே மூடி திறந்த சாக்கடை இருக்கலாம், ஓரத்தில் மின்வாரியப் பெட்டி இருக்கலாம், அறுந்த கம்பி கிடக்கலாம். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும், காலில் சிறு கீறல் இருந்தாலும் அது போதும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் எப்படி நிற்கும் என்பதை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம். அத்தகைய நாட்களில் பயணத்தை ஒத்திவையுங்கள். சாதாரண மழை நாளில் வேளச்சேரி நிலையம் வரை ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போய்ப் பறக்கும் ரயில் பிடித்தால், பெருங்குடி தாண்டி அடுத்தது தரமணி. மாதம் நாலைந்து நாள் ரயிலில் போவதால் நீங்கள் சைக்கிள் ஓட்டாதவர் ஆகிவிட மாட்டீர்கள்.

பராமரிப்பு எளிது. மழை மாதங்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். ஈரச் சாலையில் கண்ணாடித் துண்டும் முள்ளும் டயரில் ஒட்டிக்கொண்டு மெல்ல உள்ளே ஏறும், அதனால் மழைக்காலத்தில் பஞ்சர் அதிகம். வீடு வந்ததும் டயரைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். மழை ஓய்ந்ததும், ஜனவரியில், தெருமுனைக் கடையில் ஒரு ஓவராயிலிங் செய்துவிட வேண்டும். இரண்டு சக்கரத்தின் அச்சையும் பெடல் அச்சையும் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். வெறுமனே எண்ணெய் விட்டுத் தருவதை ஏற்காதீர்கள்.

பிறகு வருவது ஓட்டுவதற்கு மிகவும் இதமான காலம். ஒரே ஒரு எச்சரிக்கை, போகி. அன்று விடியற்காலையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தாமதமாகும். அந்தக் காலை மட்டும் ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள், அல்லது ரயில்.

அலுவலகத்தில் இப்போதே இரண்டு விஷயம் கேட்டுவையுங்கள்: சைக்கிள் நிறுத்த நிழலான இடம், மாற்று உடை வைக்க ஒரு பூட்டுள்ள அலமாரி. வெயிலில் நாளெல்லாம் நிற்கும் சைக்கிளில் பழைய பஞ்சர் ஒட்டு விட்டுப்போகும், மாலையில் காற்றில்லாத சக்கரத்தோடு நிற்பீர்கள். வேனை நிறுத்துகிற நிர்வாகம் இந்த இரண்டையும் மறுக்காது என்றே நினைக்கிறேன்.