விளையாட்டில் தோற்ற குழந்தை ஏன் உட்கார வேண்டும்?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள 26 குழந்தைகளுக்கு ஒரே அறையில் கற்பிக்கிறேன். விளையாட்டு முறையில் கற்பிக்க எனக்கு மிகுந்த விருப்பம். ஆனால் விளையாட்டைத் தொடங்கியதும் வகுப்பில் கூச்சல் எழுகிறது. நன்றாகப் படிக்கும் நான்கைந்து பேர் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். "பிள்ளைகள் விளையாடவா பள்ளிக்கு வருகிறார்கள்?" என்று பெற்றோரும் கேட்கிறார்கள். செலவில்லாமல், பாடம் உண்மையிலேயே மனத்தில் பதியும்படியான விளையாட்டுகளைச் சொல்வீர்களா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

"மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நாம் வகுப்பில் வழக்கமாக நடத்தும் விளையாட்டுகள் பெரும்பாலும் 'அவுட்' முறையில் அமைந்தவை. தவறாகச் சொன்ன குழந்தை வட்டத்தை விட்டு வெளியே போய் உட்கார வேண்டும். கடைசிவரை நிற்கும் குழந்தைக்குக் கைதட்டல் கிடைக்கும். ஏற்கெனவே எழுத்தும் எண்ணும் அறிந்த குழந்தைக்கு இதில் மேலும் மேலும் பயிற்சி கிடைக்க, பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அந்தக் குழந்தை முதல் சுற்றிலேயே சுவரோரம் போய்விடுகிறது. வேலையில்லாமல் உட்கார வைக்கப்பட்ட குழந்தைகள் கூச்சலிடுவதும் இயல்புதான். ஆகவே உங்கள் வகுப்பில் இனி எந்த விளையாட்டிலும் 'அவுட்' வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவதாக, ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, தன் முறை வரும்போது குழந்தை எதை யோசித்தாக வேண்டும் என்றும், அதை யோசிக்காமலேயே வெல்ல முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பரமபதத்தை எடுத்துக்கொள்வோம். எண்களை ஒரு முறைகூடப் படிக்காமல், காயைக் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டே போய் ஒரு குழந்தை வென்றுவிடலாம். அதே பலகையில், காயை நகர்த்துவதற்கு முன் எந்த எண்ணில் போய் நிற்கும் என்று சொல்லிவிட்டே நகர்த்த வேண்டும் என்று விதியை மாற்றிப் பாருங்கள். 47இல் நிற்கும் குழந்தைக்குப் பகடையில் 5 விழுந்தால், 50ஐக் கடந்து 52 என்று மனத்துக்குள் கூட்டியாக வேண்டும். தவறாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவருடன் சேர்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு நகர்த்தலாம்; முறையை இழக்க வேண்டியதில்லை.

செலவில்லாத பொருள் என்று கேட்டீர்கள். உங்கள் பகுதியில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமிருக்காது. கொட்டைகளின் ஒரு பக்கத்தைக் கரடுமுரடான கல்லில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்புக் குழந்தைகள் ஐந்து கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்று பார்த்து 3 + 2 = 5 என எழுதட்டும். இரண்டாம் வகுப்புக்குப் பத்துக் கொட்டைகள் கொடுங்கள். ஒருவர் கறுப்பை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொள்ள, தெரிகிற வெள்ளையைக் கொண்டு மறைந்திருப்பது எத்தனை என்று மற்றவர் சொல்ல வேண்டும். கழித்தலின் அடிப்படை அங்கேயே உருவாகிவிடும். மூன்றாம் வகுப்புக்கு ஒன்பது கொட்டைகள். வெள்ளைக்குப் பத்து, கறுப்புக்கு ஒன்று என்று மதிப்பு வையுங்கள். நான்கு வெள்ளையும் ஐந்து கறுப்பும் விழுந்தால் 45. பல முறை விளையாடி விடைகளை வரிசையாக எழுதும்போது, எப்படிப் போட்டாலும் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் உள்ள எண்களே வருவதை ஏதாவது ஒரு குழந்தை கண்டுபிடிக்கும். தயவுசெய்து அதை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வட்டங்கள் வரைந்தால் போதும். 14 குழி, குழிக்கு 5 காய் என்றால் மொத்தம் 70. ஆட்டம் முடிந்து, பலகையில் மிஞ்சியதையும் அவரவர் எடுத்துக்கொண்டபின், ஒரு குழந்தை தன் காய்களைப் பத்துப் பத்தாக அடுக்கி 38 என்று சொன்னால், எதிரில் இருப்பவரிடம் எத்தனை இருக்க வேண்டும் என்பதை எண்ணாமலேயே கணக்கிட்டுச் சொல்லி, பிறகு எண்ணிச் சரிபார்க்க வேண்டும். சிறியவர்களுக்குக் குழிகளையும் காய்களையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் குன்றிமணியை எந்தக் காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அழகாக இருந்தாலும் அது நச்சு விதை. உடைத்து மென்றால் உயிருக்கே ஆபத்து. சின்னக் குழந்தைகள் எந்த விதையையும் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளக் கூடும் என்பதால், ஆட்டம் முடிந்ததும் எண்ணித் திருப்பித் தருவதையும் ஆட்டத்தின் ஒரு பகுதியாக்கிவிடுங்கள்.

தமிழ்ப் பாடத்தில் பலரும் நடத்தும் சொற்சங்கிலி விளையாட்டு பாதியில் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முந்தைய சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கச் சொல்கிறோம். ஆனால் 'மரம்', 'கால்' என்று நம் சொற்களில் பல மெய்யெழுத்தில் முடிகின்றன. மெய்யெழுத்திலோ தமிழ்ச் சொல் தொடங்காது. எனவே, முந்தைய சொல்லில் உள்ள எந்த எழுத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். பட்டம், படகு, குருவி, விளக்கு, குடை என்று சங்கிலி நீளும். எந்த எழுத்தில் தனக்குச் சொல் தெரியும் என்று ஒவ்வொரு எழுத்தாகக் குழந்தை மனத்துக்குள் தேடிப் பார்க்கும்.

உயிர்மெய் எழுத்துகளுக்கு நொண்டியாட்டக் கட்டம் நல்ல துணை. ஒரு வரிசையில் மெய்களையும் மற்றொன்றில் உயிர்களையும் எழுதி, இரண்டு சில்லுகளை எறியச் சொல்லுங்கள். ப், ஊ ஆகியவற்றில் சில்லு விழுந்தால் 'பூ' என்று சொல்லியபடி அந்தக் கட்டங்களுக்குத் தாவ வேண்டும். குழுவின் மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல், அந்த எழுத்தைத் தத்தம் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று கட்டங்கள் வரைந்து, புலி, புளி, தலை, தழை, வலி, வழி என்று நீங்கள் நிறுத்தி உச்சரிக்க, குழந்தைகள் உரிய கட்டத்துக்குத் தாவலாம். வீட்டுப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிக்கும் குழந்தை தடுமாறும்போது மற்றவர்கள் சிரிக்க விடக் கூடாது.

மூன்று வகுப்புகளையும் ஒன்றாக விளையாட வைக்கக் கடை விளையாட்டைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. காலி உறைகளிலும் டப்பாக்களிலும் 7, 12 என்று விலை ஒட்டுங்கள். முதல் வகுப்பு வாடிக்கையாளர் ஒரு ரூபாய் அட்டைகளை எண்ணிக் கொடுப்பார். இரண்டாம் வகுப்பினரிடம் பத்து ரூபாய் அட்டைகள் மட்டுமே இருப்பதால் மீதியைக் கேட்டு வாங்கியாக வேண்டும். மூன்றாம் வகுப்பினர் இரண்டு மூன்று பொருள்களுக்குச் சேர்த்துப் பில் எழுதுவார்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரே கடையை வைக்காமல், நான்கு பேருக்கு ஒரு கடை வையுங்கள். வாய் திறக்காத குழந்தைக்கு முதலில் கடைக்காரர் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். விலை கேட்பவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமல்லவா?

கூச்சல் பற்றி: உங்கள் 26 பேரும் நால்வராக ஐந்து குழுவும் மூவராக இரண்டு குழுவுமாகப் பிரிவார்கள். புதிய விளையாட்டை வாயால் விளக்காமல், ஒரு குழுவை நடுவில் ஆட வைத்து மற்றவர்களைச் சுற்றி நின்று பார்க்கச் செய்யுங்கள். முந்திப் பதில் சொல்பவர்களுக்கு, விடையைச் சொல்லக் கூடாது, கொட்டைகளை அடுக்கிக் காட்டி உதவலாம் என்று ஒரு விதி வைத்தால் போதும். அதன் பிறகு எழும் ஓசை வேலை நடக்கும் ஓசை. அதை அடக்க முயல வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கு குழந்தைகளை மட்டும் உற்றுக் கவனித்துக் குறித்து வைத்தால், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளின் கற்றல் அளவைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் யார் எங்கே நிற்கிறார் என்பது தாளில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும்.

எல்லாவற்றையும் விளையாட்டால் கற்பித்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தடையின்றிப் படிக்கும் திறன், நாள்தோறும் புத்தகத்தைப் படிப்பதால்தான் வரும்; கையெழுத்துக்கு எழுதித்தான் பழக வேண்டும். அந்த நேரத்தில் விளையாட்டு கை வைக்கக் கூடாது.

பெற்றோரின் கேள்வி நியாயமானது; அவர்கள் நோட்டைத்தான் பார்க்கிறார்கள், அதில் எதுவும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் குழந்தைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கிய காலத்திலிருந்து, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வரை இந்தக் கேள்வி ஆசிரியர்களைத் தொடர்ந்து வருகிறது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, ஆடியதிலிருந்து மூன்று கணக்கையோ மூன்று சொற்களையோ தேதியிட்டு எழுத வையுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் திட்டத்தை விளக்கிப் பேசாமல், பெற்றோரையும் பாட்டிமார்களையும் குழந்தைகளுக்கு எதிரே உட்கார வைத்துப் பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள். தன் பேத்தி 70இலிருந்து 38ஐ மனத்தால் கழிப்பதை நேரில் பார்த்த பாட்டி, உங்களுக்காக ஊரில் பேசுவார்.

முதல் இரண்டு வாரம் புளியங்கொட்டை விளையாட்டை மட்டும் நடத்துங்கள். விதிகள் பழகிய பிறகு அடுத்ததைச் சேர்த்துக்கொள்ளலாம்.