நிக்ஸி கேள்வி-பதில்: டியூபைத் திட்டாதீர்கள்

நிக்ஸி என்பது இலக்க வடிவக் கம்பிகளைச் சுற்றி வாயு ஒளிரும் பழைய கண்ணாடி டியூப். ஆனோடு டியூபின் பிளஸ் பக்கம், கேத்தோடு ஒவ்வொரு இலக்கத்துக்குமான மைனஸ் பக்கம்.

பீனிக்ஸ் வாசகர்: மல்டிபிளெக்ஸ் (டியூப்களை ஒவ்வொன்றாக மாறிமாறி எரிக்கும்) நிக்ஸி கடிகாரத்தில் ஆனோடு பக்கம் போட்ட பிசி557 எல்லாம் வரிசையாகக் கெட்டுப்போகிறது. ஏன்?

அது 45 வோல்ட் டிரான்சிஸ்டர். நீங்கள் கொடுப்பது 170. டேட்டாஷீட்டில் முதல் பக்கத்தையாவது பார்க்கக்கூடாதா? ஆனோடுக்கு எம்பிஎஸ்ஏ92, அதை இயக்கவும் கேத்தோடுக்கும் எம்பிஎஸ்ஏ42. இரண்டும் 300 தாங்கும்.

டோங்காட் வாசகர்: 6 டியூபும் மங்கல்.

ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு நேரம்தானே எரிகிறது! 2.5 மில்லியாம்ப் விட்டால் சராசரி 0.4தான். ஆனோடு ரெசிஸ்டரைக் குறையுங்கள், ஆனால் டேட்டாஷீட்டில் உள்ள உச்ச கரண்டைத் தாண்டாமல்.

சாட்ஸ்வொர்த் (டர்பன்) வாசகர்: ஒரு இலக்கத்துக்குப் பின்னால் பக்கத்து டியூபின் இலக்கம் நிழலாகத் தெரிகிறது. விற்றவர் பழைய டியூபைத் தள்ளிவிட்டார்.

சர்க்யூட் அனுப்பவில்லை, புரோகிராம் அனுப்பவில்லை, தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது. மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. சரி, என் முதல் கடிகாரத்தில் நல்ல டியூப் நான்கைக் கழற்றி மாற்றியவன்தான் நானும், நிழல் போகவில்லை.

முழுதாக ஆன் ஆன டிரான்சிஸ்டர் சொன்னவுடன் அணையாது. பேஸில், அதாவது அதை ஆன்-ஆஃப் செய்யும் காலில், தேங்கிய சார்ஜ் வடிய நேரம் வேண்டும். டியூபுக்குள் அயனியான வாயு அடங்கவும் நேரம் வேண்டும். அதற்குள் நீங்கள் கேத்தோடை மாற்றிவிட்டால், அடுத்த இலக்கம் பழைய டியூபிலும் லேசாக எரியத்தான் செய்யும். எம்பிஎஸ்ஏ92-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு 47 கே (47,000 ஓம்) ரெசிஸ்டர் போடுங்கள். அப்புறம் புரோகிராமில் வரிசை முக்கியம்: முதலில் ஆனோடை அணை, 200 மைக்ரோசெகண்ட் பொறு, கேத்தோடை மாற்று, அதன்பிறகே அடுத்த ஆனோடு. டியூபுக்கு 2 மில்லிசெகண்ட் என்றால் 6 டியூபுக்கு ஒரு சுற்று 12. நொடிக்கு 80 தடவை சுற்றும், கண்ணுக்கு நடுக்கம் தெரியாது. போகிற வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

இதற்கும் அடங்காவிட்டால் போர்டில் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸை (சால்டரிங் பசையை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். டர்பன் கடற்காற்றின் ஈரம் அதில் ஏறினால் 170 வோல்ட் அதன் வழியாகவும் கசியும்.

லெனேசியா வாசகர்: 230 வோல்ட் லைனை நேரே டையோடில் கொடுக்கலாமா?

கூடாது. உச்சம் 325 வோல்ட், லைனிலிருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷனும் இல்லை. போர்டின் கிரவுண்டைத் தொட்டாலே ஷாக். 12 வோல்ட் அடாப்டரும், அதை 170-க்கு உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டரும் போதும். அதிலும் கண்டென்சரில் தேங்கிய சார்ஜை வடித்த பிறகே கை வையுங்கள். போன தடவையும் சொன்னேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: மின்வெட்டு முடிந்தால் நேரம் பூஜ்யமாகிறது.

நேரத்தைக் காக்கும் சிப் டிஎஸ்3231 போடுங்கள், அதற்கு ஒரு சிஆர்2032 பேட்டரி.