‘ஐ ஆம் ஸ்கேரி’ என்கிற சீன மாணவி

வணக்கம். உங்கள் பெய்ஜிங் மாணவி ‘ஐ வெரி அஃப்ரெய்ட்’, ‘ஐ ஆம் ஸ்கேரி’ என்றே சொல்கிறார், திருத்தியும் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

சீனத்தில் ‘வோ ஹென் ஹாய்பா’ என்றாலே வாக்கியம் முடிந்தது. நான், மிகவும், பயம், அவ்வளவுதான். நடுவில் ஆங்கில ‘ஆம்’ (am) வர இடமே இல்லை. ஸ்கேரிக்கு வைத்தியம் அவர் மொழியிலேயே இருக்கிறது: பயப்படுகிறவருக்கு ஹாய்பா, பயமுறுத்துவதற்கு கெபா. ‘ஸ்கேர்ட் என்றால் ஹாய்பா, ஸ்கேரி என்றால் கெபா’ என்று ஜோடி சேர்த்துக் கொடுங்கள், பிடித்துக்கொள்வார்.

அடுத்து ‘பா லெங்’ வரும், பாருங்கள். ‘எனக்குக் குளிர் ஆகாது’ என்பதற்கும் அங்கே அதே ‘பா’தான். அதை ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் கோல்ட்’ என்பார். சிரித்துவிடாதீர்கள் (நான் சிரித்துவிட்டேன், பாவம்). ‘ஐ ஃபீல் த கோல்ட்’ என்று மாற்றிவிடுங்கள்.

‘மன்னிக்கவும், மூடிவிட்டோம்’ என்று பணிவாகச் சொல்லும் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் வி ஆர் க்ளோஸ்ட்’ பற்றிக் கவலை வேண்டாம், அங்கே பயம் இல்லை; அது அப்படியே அவர்களுடைய ‘கொங்பா’.

‘ட்ரெட்’ மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போவதற்கு முந்தின ராத்திரி வயிற்றைப் பிசையுமே, அது: ‘ஐ ஆம் ட்ரெடிங் டுமாரோ’. திடீரென்று பாம்பைப் பார்த்து அலறுவதற்கு இந்தச் சொல் பொருந்தாது.