பலகை உலர்த்த சோலார் கூண்டு: வாசகர் கேள்விகள்

சோலார் கூண்டில் (வெயில் சூட்டில் பலகை காயவைக்கும், ஒளிபுகும் கூரை போட்ட அறை) பலகை எத்தனை நாளில் காயும்? (கீழக்கரை)

என்ன மரம்? எத்தனை அங்குலக் கனம்? எப்போது அறுத்தது? மூன்றில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். ஒரு அங்குல வேப்பம்பலகை பச்சையாக உள்ளே போனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். இரண்டு அங்குலம் என்றால் இரட்டிப்பு போதாது, மும்மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். நாட்களை எண்ணுவதைவிட எடை பார்ப்பது நல்லது. அடுக்கின் நடுவில் உருவி எடுக்கத் தோதாக ஒரு பலகை வைத்து, வாரம் ஒருமுறை தராசில் போட்டு எழுதி வையுங்கள். எடை இறங்குவது நிற்கும்போதுதான் மரம் காய்ந்திருக்கிறது.

நம் கடற்கரையில் வெயிலுக்குப் பஞ்சமா? மொட்டை மாடியில் பரப்பினால் போதாதா? கூண்டு எதற்கு? (தேவிபட்டினம்)

இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. வெயில் போதவில்லை என்று யாரும் கூண்டு கட்டுவதில்லை. 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் கமுதியில் நிற்கிற ராமநாதபுரம் மாவட்டம் இது.

கருவாடு காயப்போடுகிற மாதிரி பலகையைக் காயப்போட முடியாது. நேர் வெயிலில் மேல்முகம் அவசரமாகக் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே ஈரமாக இருக்கிற மரம் அதைச் சுருங்க விடாது. அந்த இழுபறியில் மேல்முகம் வெடிக்கும், பலகை வெயில் பக்கமாகக் குழிந்து வளையும். ராத்திரி கடல்காற்றில் மேல்முகம் மறுபடி ஈரம் வாங்கும். மறுநாள் இதே கதை, வெடிப்பு இன்னும் கொஞ்சம் ஆழமாகும். நல்ல தேக்கைக்கூட இப்படிப் பாழாக்கிவிட்டு மரத்தைக் குறை சொல்கிறார்கள்.

கூண்டுக்குள் பலகை மேல் வெயில் படக் கூடாது. கறுப்பு பூசிய தகடுதான் வெயிலை வாங்கும். விசிறி அந்தச் சூட்டை அடுக்கின் ஊடே தள்ளும். 32 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 45 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் 35-க்கு வந்துவிடும். அந்தக் காற்றுதான் மரத்திலிருந்து நீரை வாங்கி, துவாரம் வழியாக வெளியே கொண்டுபோகிறது. இரவில் விசிறி நின்றதும் உள்ளீரம் மேல்முகத்துக்கு வந்து பரவும், இறுக்கம் தளரும். இந்த ஓய்வு மரத்துக்கு அவசியம், இரவில் விசிறியை ஓட்டாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கடலோரக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 75, 80 சதவீதம். நிழலில் எத்தனை வருஷம் அடுக்கி வைத்தாலும் மரத்தின் ஈரம் 14 முதல் 16 சதவீதத்தில் நின்றுவிடும். "பத்து வருஷம் கிடந்த மரம் சார்" என்று மில்லில் சொல்வதை நம்பி அலமாரி செய்து ஏசி அறையில் வைத்தால், மரத்தின் ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்கும்போது மூட்டு விலகும், பலகை பிளக்கும். மரத்தின் வயதை வைத்து ஈரத்தைச் சொல்ல முடியாது. எடை போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு வரைபடத்தில் கூரைச் சாய்வு 45 டிகிரி. அப்படியே கட்டலாமா? (மண்டபம்)

வேண்டாம். அது வடக்கே வெகுதூரத்தில் உள்ள குளிர்நாட்டுக்குப் போட்ட கணக்கு. நாம் இருப்பது 9 டிகிரி அட்சரேகையில். தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரிச் சாய்வு போதும், மழைநீரும் வடிந்துவிடும். சித்திரையிலிருந்து ஆவணி ஆரம்பம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும், தெற்கே செங்குத்தாகச் சாய்த்தால் வெயில் குறையும். உயரமான கூரையை ஆடிக்காற்று சும்மா விடாது.

கூரை எவ்வளவு பெரிதாக வேண்டும்? (தொண்டி)

ஒரு அங்குலப் பலகை என்றால், ஒரு கன அடி மரத்துக்கு ஒரு சதுர அடி கூரை.

சாதாரண பாலித்தீன் போடலாமா? (ஏர்வாடி)

ஒரு கோடையில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பசுமைக்குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் புற ஊதா தாங்கும் தாள் வாங்குங்கள், முடிந்தால் பாலிகார்பனேட். திருகாணிக்கு துருப்பிடிக்காத எஃகுதான். உப்புக்காற்றில் மற்றது நிற்காது.

பழைய படகைப் பிரித்த பலகை மாதக்கணக்கில் கூண்டில் கிடக்கிறது. ஈரமானி இன்னும் 25 சதவீதம் காட்டுகிறது. (பாம்பன்)

உப்பு ஏறிய மரத்தில் ஊசி ஈரமானி கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்பாதீர்கள். ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, 103 டிகிரி அவனில் எடை இறங்குவது நிற்கும் வரை காய வைத்து மறுபடி போடுங்கள். இழந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம். உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அதனால் அடுத்த முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டு அடுக்குங்கள். அறுக்கும் முன் ஆணிகளை எடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

கூண்டுச் சூட்டில் உளு (மரம் துளைக்கும் பூச்சி) சாகுமா? (சாயல்குடி)

நம்ப முடியாது. உளு சாக மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். வெளிப்புற வெள்ளைப் பகுதியை அறுத்து எறியுங்கள், போராக்ஸ் கரைசல் பூசுங்கள்.

பனையைக் கூண்டில் வைக்கலாமா? (ராமேஸ்வரம்)

அவசியமில்லை. வெளிவைரம் நிழலிலேயே காயும், உட்சோறு எதற்கும் ஆகாது. வெட்டும் முன் ஆட்சியர் அனுமதி வாங்கினீர்களா? 2021-லேயே அறிவித்துவிட்டார்கள்.

சீமைக் கருவேலத்தில் பலகை எடுக்க முடியுமா? எல்லோரும் சிரிக்கிறார்கள். (முதுகுளத்தூர்)

சிரிக்கட்டும். காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் அதுவும் ஒன்று, அத்தனையும் கரிமூட்டத்துக்குப் போவது எனக்கு வருத்தம்தான். நீளமான பலகை கிடைக்காது. ஸ்டூல், மேசைப்பலகை, கைப்பிடிக்கு அருமை. அறுத்த அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகோ எனாமல் பெயின்டோ பூசிவிடுங்கள். பலகை வரிசைகளுக்கு இடையே காய்ந்த ரீப்பர்களை (மெல்லிய மரச் சட்டங்களை) ஒன்றின் நேர் மேலே ஒன்றாக, ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்து அடுக்கி, மேலே கல் பாரம் ஏற்றுங்கள். முதல் வாரம் துவாரத்தைக் கால்வாசி மட்டும் திறந்து வையுங்கள்.